காற்றடைத்த பேடில் போர்ட் எங்கே பிரிகிறது? திருகோணமலைக் கடலுக்குப் பலகை தெரிவுசெய்ய முழுமையான வழிகாட்டி

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ காற்றடைத்த பேடில் போர்ட், அதாவது மேலே நின்று துடுப்புப் போடும் பலகை, வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை லேயர் அண்ணா?" என்பதுதான். கடைக்காரரும் அதைச் சொல்லித்தான் விற்கிறார்: இது சிங்கிள், இது டபுள், இது பியூஷன். தோல் எத்தனை அடுக்கு என்பது பார்க்க வேண்டிய விடயம்தான். ஆனால் எங்கள் கரையில் பழுதாகிக் கிடக்கும் பலகைகளைப் புரட்டிப் பார்த்தால், தோல் கிழிந்தவற்றைவிட ஓரம் பிரிந்தவையே அதிகம். பவளக் கல் கீறிய ஓட்டையை ஒட்டிவிடலாம். ஓரத்தின் பசை விட்டுப்போனால் பலகையின் கதை பெரும்பாலும் முடிந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் ஓரத்துக்குத்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

உறுதி என்பது காசுக் கணக்கு மட்டும் இல்லை. பெரும்பாலான பலகைகளுக்கு உள்ளே ஒரே ஒரு காற்றறைதான். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் நாளில், கரையிலிருந்து தள்ளி நிற்கும்போது காற்று இறங்கினால் பலகை நடுவில் மடிந்துவிடும். மடிந்த பலகையில் நின்று காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட முடியாது.

முதலில், உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண காற்று மெத்தையை ஊதினால் உருண்டு போகும். பேடில் போர்ட் தட்டையாக நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் நூல்கள். மேலே ஒரு பொலியெஸ்டர் துணி, கீழே ஒரு பொலியெஸ்டர் துணி, இரண்டையும் ஒரே நீளமுள்ள ஆயிரக்கணக்கான நூல்கள் பிணைக்கின்றன. இதுதான் டிராப் ஸ்டிச். காற்று இரு துணிகளையும் விலக்கப் பார்க்கும், நூல்கள் விடாது. அந்த இழுபறியில்தான் பலகை விறைக்கிறது. இந்த முறை கடல் விளையாட்டுக்காக வந்ததும் இல்லை. 1956இல் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் காற்றடைத்துப் பறக்கவிட்ட சிறு விமானத்தின் இறக்கை இதே வகைத் துணியால் ஆனது.

துணி இரண்டு விதமாக வரும். பின்னல் துணி கொஞ்சம் இழுபடும். நெய்த துணியில் இழைகள் நேராக ஓடுவதால் அது குறைவாக இழுபடும், எடையும் குறையும். சில பலகைகளில் நூல்கள் செங்குத்தாக மட்டுமில்லாமல் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிட்டும் போகும். மேல்துணி முன்னும் கீழ்த்துணி பின்னுமாக நழுவுவதை அது தடுக்கும், பலகை இன்னும் விறைப்பாகும். விறைப்புக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு. ஒவ்வோர் அலைக்கும் வளைந்து நிமிரும் பலகையில் ஓர ஒட்டும் அதே கணக்கில் வளைந்து நிமிர்கிறது.

நூல்கள் கூட்டமாக அறுந்தால் அந்த இடம் கட்டி போலப் புடைத்து எழும். இதற்குப் பரிகாரம் இல்லை. பழைய பலகை வாங்குபவர்கள் முதலில் தேட வேண்டியது இந்தப் புடைப்பைத்தான்.

தோல்: ஒன்று, இரண்டு, பியூஷன்

சிங்கிள் லேயர் என்றால் துணியின் மேல் ஒரு பிவிசி பூச்சு, அவ்வளவுதான். பத்தரை அடிப் பலகை 7, 8 கிலோவுக்குள் வரும். மலிவு, தூக்க இலகு. பிள்ளைகள் மணல் கரையில் விளையாட இது போதும்.

பழைய டபுள் லேயர் முறையில், பூசிய துணியின் மேல் இன்னொரு பிவிசி விரிப்பைக் கையால் பசை தடவி ஒட்டுவார்கள். உறுதி கூடும், எடையும் கூடும். 11 கிலோவுக்கு மேலேயும் போகும். பசை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் படிந்திருந்தால் இது நல்ல பலகை. படியாத இடத்தில் காற்றுக் குமிழ் நிற்கும். வெயில் ஏற ஏற அந்தக் குமிழ் பெரிதாகி இரண்டு தோலும் பிரியும்.

பியூஷன் முறையில் இரண்டாம் அடுக்கைப் பசை இல்லாமல் இயந்திரத்தில் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒன்றாக்குகிறார்கள். பசையின் எடை இல்லை, குமிழ் நிற்கும் வாய்ப்பும் குறைவு. 8 முதல் 10 கிலோவுக்குள் டபுள் லேயருக்குக் கிட்டத்தட்ட ஈடான தோல் கிடைக்கிறது. எங்கள் வெயிலுக்கு, தோலைப் பொறுத்தவரை என் தெரிவு இதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் பியூஷன் என்று எழுதியிருந்தால் அது மேல், கீழ்த் தோலைப் பற்றிய பேச்சு. ஓரத்தை எப்படி ஒட்டினார்கள் என்று அந்தச் சொல் சொல்லாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஓரம்: ஆயுளைத் தீர்மானிக்கும் இடம்

மேல் துணியையும் கீழ்த் துணியையும் பலகையின் வடிவத்துக்கு வெட்டியபின் சுற்றிவர ஒரு திறந்த வாய் இருக்கும். அதைச் சுற்றி ஒரு பிவிசிப் பட்டியைப் போட்டு மூட வேண்டும். அந்தப் பட்டி தாங்கும் பாரத்தைக் கணக்குப் பார்ப்போம்.

பலகைக்குள் ஊதும் காற்றின் அழுத்தத்தைப் பிஎஸ்ஐ என்ற அளவில் சொல்வார்கள். 15 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. பலகையின் தடிப்பு 15 சென்ரிமீற்றர். ஓரம் அரைவட்டமாக வளைந்து நிற்பதால், ஒவ்வொரு சென்ரிமீற்றர் நீளத்திலும் மேல் ஒட்டு சுமார் 8 கிலோவும் கீழ் ஒட்டு சுமார் 8 கிலோவும் தாங்குகின்றன. ஒரு விரல் நகத்தின் அகலத்தில் ஒரு சிறு அரிசிப் பையைத் தொங்கவிட்ட அளவு. இந்தப் பாரம் பலகை ஊதியிருக்கும் நேரமெல்லாம் ஓயாமல் இருக்கும்.

பசை எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதும் தெரிய வேண்டும். மேசையில் ஓர் ஒட்டுநாடாவை ஒட்டி, அதன் நுனியைப் பிடித்து மேசையோடு சேர்த்துக் கிடையாக இழுத்துப் பாருங்கள். வராது. அதே நுனியை மேலே தூக்கி உரித்தால் சுலபமாக வந்துவிடும். பலகை ஓரமும் அப்படியே. பட்டி அகலமாகத் தோலின் மேல் படிந்திருந்தால் காற்றின் பாரம் கிடையான இழுவையாக இறங்கும், பசை தாங்கும். மேற்படிவு ஒடுக்கமாக இருந்தாலோ, நுனி கொஞ்சம் எழும்பியிருந்தாலோ, இழுவை உரிப்பாக மாறும். அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும்.

ஓரத்தைக் கட்டும் முறைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

மிக மலிவானதில் ஒரே ஒரு பட்டியைப் பசையால் ஒட்டிவிடுவார்கள். பட்டியின் விளிம்பு ஒன்று பிரிந்தால் காற்றைத் தடுக்க அடுத்து எதுவும் இல்லை.

அடுத்ததில் பக்கப் பட்டிக்கு மேல் இன்னொரு பட்டி வரும், சிலவற்றில் உட்பக்கமும் ஒரு நாடா இருக்கும். மேல் பட்டி உராய்வைத் தாங்கும், கீழே இருப்பது காற்றைப் பிடிக்கும். இரண்டு கலவைப் பொலியூரித்தேன் பசையைக் கை கண்டவர்கள் மெல்லிதாகப் பூசி, போதிய நேரம் உலரவிட்டு ஒட்டியிருந்தால் இப்படிப்பட்ட ஓரம் பல வருடம் நிற்கும். பசை ஒட்டு என்றாலே மோசம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். சிக்கல் வேறு: ஒட்டியபோது ஈரப்பதன் எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் உலரவிட்டார்கள் என்பது வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரே தொழிற்சாலையில் இரண்டு கிழமை இடைவெளியில் செய்த இரண்டு பலகைகள் வேறுவேறாக இருக்கலாம்.

மூன்றாவது, வெப்பத்தால் உருக்கி ஒட்டுவது. இயந்திரம் பட்டியையும் தோலையும் சூடாக்கி அழுத்துகிறது. பிவிசியும் பிவிசியும் உருகி ஒன்றாகின்றன, இடையில் பசை இல்லை. சூட்டில் இளகிப்போகும் பசை இல்லாததால் திருகோணமலை போன்ற இடத்துக்கு இதுவே பொருத்தம். விலை கூடும். என்னைக் கேட்டால், தோலில் ஓர் அடுக்கைக் குறைத்தாவது உருக்கி ஒட்டிய ஓரத்தை வாங்குங்கள் என்பேன்.

இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க, பட்டியின் விளிம்பைக் கிட்ட வைத்துப் பாருங்கள். பசை ஒட்டில் விளிம்போடு மெல்லிய பசைக் கோடு தெரியும், பழையதானால் அது மஞ்சளாக இருக்கும். உருக்கி ஒட்டியதில் கோடு இராது, விளிம்பு தோலுக்குள் அமிழ்ந்தது போல ஒரே சீராக ஓடும். அப்புறம் நுனிக்கும் வாலுக்கும் போங்கள். பட்டியின் இரண்டு முனைகளும் சந்திக்கும் இடமும், வளைவில் பட்டி சுருங்கி மடிந்த இடமும்தான் முதலில் எழும்பும். பெருவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டே போங்கள். நகம் எங்காவது உள்ளே நுழைந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

வெயில் செய்யும் வேலை

அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும். காலையில் 28 பாகை செல்சியஸில் 15 பிஎஸ்ஐ ஊதுகிறீர்கள் என்று வையுங்கள். வளிமண்டல அழுத்தம் 14.7ஐயும் சேர்த்தால் மொத்தம் 29.7. பலகையை மணலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று 60 பாகைக்கு ஏறினால் அழுத்தம் 18 பிஎஸ்ஐயைத் தாண்டும். ஒரு பம்பும் அடிக்காமலே 3 பிஎஸ்ஐ கூடிவிட்டது. அதே நேரம் பசையும் சூட்டில் இளகி நிற்கிறது. பாரம் கூடுவதும் பிடி தளர்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கரையில் சும்மா கிடந்த பலகையின் ஓரம் மத்தியானத்தில் வெடிப்பது இதனால்தான். கடும் நிறப் பலகை இன்னும் வேகமாகச் சூடேறும், எனவே வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது.

பயந்துபோய்க் குறைத்து ஊதினால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 8, 9 பிஎஸ்ஐயில் பலகை நடுவில் தொய்யும். ஒவ்வோர் அடிக்கும் வளையும்போது ஓரம் மடிந்து விரிந்து களைக்கும். பலகையில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல், பெரும்பாலானவற்றுக்கு 12 முதல் 15 வரை வையுங்கள். நிழலில் ஊதி, தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பம்ப் அடித்த காற்று சூடாக இருக்கும், கடல் தண்ணீரில் குளிர்ந்ததும் அழுத்தம் இறங்கும். கரையேறியதும் கிடுகுக் கொட்டிலுக்குள் கொண்டுபோங்கள். நிழல் இல்லையென்றால் 3, 4 பிஎஸ்ஐ இறக்கிவிடுங்கள்.

ரயர் கடைக் கொம்பிரசரால் ஊத வேண்டாம். அது தள்ளும் வேகத்தில் அழுத்தமானி பார்க்கக்கூட நேரம் இராது.

வாங்கும் நாளில் செய்ய வேண்டியவை

முதலில் யாருக்கு என்று தீர்மானியுங்கள். உப்புவெளியில் வாடகைக்கு விடுவதென்றால் நாள் முழுக்க மணலில் இழுபடும். அதற்குப் பியூஷன் தோலும் இரட்டைப் பட்டியோ உருக்கிய ஓரமோ வேண்டும். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறக்குவதென்றால் அவ்வளவு தேவையில்லை. தடிப்பு 6 அங்குலம் என்றால் பெரியவர் நின்றாலும் தொய்யாது. 4 அங்குலம் பிள்ளைகளுக்கே.

இரண்டாவது, தராசில் வையுங்கள். டபுள் லேயர் என்று சொல்லும் பத்தரை அடிப் பலகை 7 கிலோ காட்டினால் சொல்லுக்கும் பொருளுக்கும் பொருந்தவில்லை.

மூன்றாவது, வால்வைத் திறந்து உள்ளே பாருங்கள். கடைக்காரர் விடுவாரென்றால், காற்றில்லாத பலகையில் வால்வுச் சாவியால் வால்வைக் கழற்றி, துவாரத்தில் கைபேசி வெளிச்சத்தை அடியுங்கள். மேலும் கீழும் பிணைக்கும் நூல்கள் நெருக்கமாக நிற்பதும், அவை நேராகவா சாய்வாகவா போகின்றன என்பதும் தெரியும். இரண்டு பலகையை அடுத்தடுத்துப் பார்த்தால் நெருக்கத்தின் வித்தியாசம் உடனே பிடிபடும்.

வால்வு ஹால்கி ராபர்ட்ஸ் வகையா என்று கேளுங்கள். பரவலாகப் புழங்கும் வகை என்பதால் பம்பும் உதிரியும் தேடிப்பிடிக்கலாம்.

அடுத்து, பலகைக்கு அடியில் நடுவில் நிற்கும் செட்டையைப் பூட்டும் பெட்டி. செட்டை பவளத்தில் முட்டினால் அதன் நீளம் நெம்புகோலாகி, அடித்தட்டை பலகையிலிருந்து உரிக்கப் பார்க்கும். அடித்தட்டு அகலமாக, முழுவதும் படிந்து ஒட்டியிருக்க வேண்டும். செட்டை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். ஆழமில்லாத இடத்துக்குக் குட்டைச் செட்டை ஒன்று தனியாக வைத்திருங்கள். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுப் பக்கம் இதை இரண்டு மடங்கு கவனியுங்கள். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. அங்கே பவளத்தில் செட்டை முட்டுவது பலகைக்கு மட்டுமான சேதம் இல்லை.

கடைசியாக, ஒரு நாள் சோதனை. இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்தும் பயனில்லை. நிழலில் 15 பிஎஸ்ஐ ஊதி, மறுநாள் அதே நேரத்தில் அளந்து பாருங்கள். அதே நேரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: 5 பாகை வெப்பம் மாறினாலே அரை பிஎஸ்ஐ மாறும். காலை ஆறு மணிக்கு ஊதினால் மறுநாள் காலை ஆறு மணிக்கே பாருங்கள். பம்ப் குழாயைப் பூட்டும்போது கொஞ்சக் காற்று குழாய்க்குள் போவதால் சிறு குறைவு இயல்பு. 14க்குக் கீழே போயிருந்தால் சவர்க்காரத் தண்ணீரை வால்வில், பிறகு செட்டைப் பெட்டியில், பிறகு ஓரம் முழுக்கத் தடவிக் குமிழ் தேடுங்கள். வால்வில் குமிழ் வந்தால் காற்றை இறக்கிச் சாவியால் இறுக்கினால் போதும். ஓரத்தில் வந்தால் திருப்பிக் கொடுங்கள். திருப்பி எடுக்கும் கடையில் வாங்குவது அதனால்தான் முக்கியம்.

கடலில் இறக்கிய பிறகு

பலகையை இழுக்காதீர்கள், தூக்குங்கள். நிலாவெளி மணலில் உடைந்த பவளத் துண்டு கலந்திருக்கும், இழுத்தால் வால் பக்க ஓரப் பட்டிதான் முதலில் தேயும். பாறை உள்ள இடத்தில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்தி போல வெட்டும், கிட்டப் போக வேண்டாம்.

வள்ளங்கள் நிற்கும் கரையில் இன்னொரு ஆபத்து மண்ணெண்ணெயும் பெற்றோலும். இரண்டும் பிவிசியையும் பசையையும் கெடுக்கும். எண்ணெய் படிந்த மணலில் பலகையை வைக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கரையோரக் கிணறு பல இடங்களில் உவர், அதில் கழுவினால் உப்பு போகாது. வால்வுக்குள் மணல் இருந்தால் திறக்குமுன் கழுவி மணலை ஊதி அகற்றுங்கள், ஒரு மணல் துணிக்கை போதும் வால்வு மூடாமல் நிற்க. வெயிலில் காயப்போடாதீர்கள். சூரிய ஒளியும் சூடும் பிவிசியை மெல்லமெல்லக் கடினமாக்கி வெடிக்க வைக்கும்.

கச்சான் அடிக்கும் நாளில் காலோடு பிணைக்கும் கயிறு இல்லாமல் இறங்காதீர்கள். கயிறு மாட்டும் வளையத்தின் அடியொட்டையும் இடைக்கிடை நகத்தால் தடவிப் பாருங்கள்.

ஓட்டை விழுந்தால்

சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூஷன் பிவிசியில் பிடிக்காது. தண்ணீர்க் குழாய் ஒட்டும் பசை காய்ந்ததும் கடினமாகிவிடும், வளையும் தோலில் உடைந்து கழரும். சுப்பர் குளூவும் அப்படித்தான். மென் பிவிசிக்கான பொலியூரித்தேன் பசையும், பலகையோடு வந்த பிவிசித் துண்டும்தான் வேண்டும்.

காற்றை முழுதாக இறக்குங்கள். ஓட்டையைச் சுற்றி மூன்று விரல் அகலம் விட்டு, மூலையில்லாத வட்டத் துண்டு வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்து உரியும். இரண்டு பக்கத்தையும் அல்ககோலால் துடைத்துக் காயவிடுங்கள். துண்டிலும் தோலிலும் பசையை மெல்லிதாகப் பூசி, பசைக் குழாயில் சொன்ன நேரம் காத்திருந்து, இன்னொரு முறை பூசுங்கள். விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் துண்டை வைத்து, நடுவிலிருந்து வெளியே கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். பாரம் வைத்து 24 மணித்தியாலம் விடுங்கள். மழைக்காலக் காலையில் இந்த வேலை வேண்டாம், ஈரக் காற்றில் பசை பிடிக்காது.

ஓரப் பட்டி விரல் நீளத்துக்கு மட்டும் எழும்பி, காற்று இன்னும் கசியவில்லை என்றால் இதே முறையில் ஒட்டலாம். காற்று கசியும் ஓரத்தை வீட்டில் ஒட்டி ஆழத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அதைக் கரையோரம் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் விளையாட வைத்திருங்கள், குறைவாக ஊதி.

மாரிக்கு எடுத்து வைக்கும்போது

ஐப்பசி கழிந்து வாடைக் காற்று தொடங்கினால் மாசி வரை கடல் இடங்கொடுக்காது. அந்த மாதங்களில் பலகையை நன்றாகக் காயவைத்து, தளர்வாகச் சுருட்டுங்கள். இறுக்கிச் சுருட்டினால் ஓரப் பட்டியில் நிரந்தர மடிப்பு விழும், அடுத்த சீசனில் அந்த மடிப்பில்தான் பட்டி எழும்பும். இடம் இருந்தால் 2, 3 பிஎஸ்ஐ காற்றோடு சுவரில் சாய்த்து வைப்பது இன்னும் நல்லது. தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். எலி வரும் கொட்டிலென்றால் தரையில் போடாமல் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பங்குனியில் எடுத்ததும் நேரே கடலுக்குக் கொண்டுபோகாமல், முதலில் அந்த ஒரு நாள் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள்.